பொம்மை என்று சொல்லாதீர்



ரேடியோ அலை வழியே இயக்கப்படும் பந்தயக் காரைச் சுங்கத் துறையினர் பொம்மை என்கின்றனர். விடுதிக் காப்பாளரும் பொம்மை என்கிறார். விடுமுறைக்கு ஊருக்குச் சென்றால், "இஞ்சினீயருக்குப் படிக்கிற பிள்ளை இன்னுமா பொம்மை வண்டி உருட்டுது?" என்று அத்தை கேட்கிறார். இம்மூவருள் அத்தையை மட்டும் நான் மன்னித்துவிட்டேன். ஏனெனில் அவர் ஒரு நாள் அந்த வண்டியைக் கவிழ்த்துப் பார்த்து, "இத்தனை திருகாணியா! எதை எதுக்குத் திருகணும்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைச் சுங்கத் துறை கேட்டதில்லை. வண்டி வைத்திருக்கும் நம் தோழர்களுள் பலரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுங்கத்தை முதலில் முடித்துவிடலாம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. மலிவான அயல்நாட்டுப் பொம்மைகள் சந்தையில் வந்து குவிவதைத் தடுப்பது நோக்கம். நல்ல நோக்கந்தான். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை செய்பவர் வாழவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பேது? ஆனால் அளவில் சுருக்கிய ஓடும் மாதிரி வண்டிகளையும் சுங்க அட்டவணை அதே தலைப்பின்கீழ்ப் போட்டுவிட்டது. ஜப்பான் நாட்டு ஷிசுவோக்கா நகரத்து டாமியா நிறுவனத்தின் எளிய பெட்டி ஒன்று நம் கைக்கு வந்து சேரும்போது, சில மாத விடுதிச் சாப்பாட்டுச் செலவை விழுங்கிவிடுகிறது. ஆகவே உடைந்தால் புதிது வாங்கும் வசதி நம்மில் மிகச் சிலருக்கே உண்டு. இருப்பதைச் சீர்செய்து ஓட்டக் கற்பவனே இங்கு நிலைப்பான்.

நான் பேசுவது 'டூரிங் கார்' எனப்படும் வகையைப் பற்றி. சாலையில் ஓடும் காரின் பத்தில் ஒரு பங்கு அளவு. நீளம் ஏறத்தாழ ஒரு முழம். அகலம் 19 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. மின்சார மோட்டார் ஒன்று நான்கு சக்கரங்களையும் சுழற்றும். பாட்டரியோடு எடை சுமார் 1,400 கிராம். இதில் ஓர் அழகு உண்டு, கவனியுங்கள். நீளம் பத்தில் ஒன்றானால் கன அளவு ஆயிரத்தில் ஒன்றாகும் அன்றோ? 1,400 கிலோ எடையுள்ள காரின் ஆயிரத்தில் ஒரு பங்கு 1,400 கிராம்! எடை பொருந்திவிட்டது. வேகமோ அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. மணிக்கு 60 கிலோமீட்டரை எளிதில் எட்டிப்பிடிக்கும். பெரிய காரில் உள்ள ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டிபரன்ஷியல், வளைவில் வண்டி சாயாமல் தாங்கும் ஆன்டி-ரோல் கம்பி, சக்கரங்களின் சாய்வையும் கோணத்தையும் மாற்றும் அமைப்புகள் எல்லாம் இதிலும் உண்டு. அங்கே ஒன்றை மாற்றிப் பார்க்க ஒரு பட்டறையும் நான்கு ஆட்களும் வேண்டும். இங்கே ஓர் அலன் கீயும் பத்து நிமிடமும் போதும்.

பெரிய காரை அப்படியே சுருக்கினால் சின்னக் கார், சின்னக் காரை ஊதினால் பெரிய கார் என்று நான் சொல்லவில்லை. டயரின் ரப்பரும் காற்றின் தள்ளலும் அப்படிக் கணக்குப்படி சுருங்குபவை அல்ல. ஆனால் வளைவில் எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறுவதும், பிரேக் பிடித்தால் மூக்குத் தாழ்வதும், பிடிப்பு இழந்த சக்கரம் வண்டியைச் சுழற்றுவதும் இரண்டிலும் ஒன்றே. கற்பதற்கு அது போதும்.

இனிச் சாகணுக்கு வருவோம். புனேயிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீட்டர் அளவில் உள்ள ஊர். 1660-இல் சாயிஸ்தாகானின் பெரும்படையை ஏறக்குறைய இரண்டு மாதம் பிரங்கோஜி நர்சாலா தடுத்து நிறுத்திய சிறு கோட்டை சிதைந்த நிலையில் இன்னும் அங்கே இருக்கிறது. வெங்காயச் சந்தைக்கும் பெயர்பெற்ற ஊர். இன்று அதன் பெயரைச் சொன்னால் கோட்டையும் வெங்காயமும் யார் நினைவுக்கும் வருவதில்லை. பஜாஜ், மகிந்திரா, போக்ஸ்வாகன், மெர்சிடிஸ்-பென்ஸ் என்று தொழிற்சாலைகளே நினைவுக்கு வருகின்றன. நம் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் உடன்பிறப்பு எனலாம். வேலை மாறும் நேரத்தில் தேநீர்க் கடையில் நின்றால் மராத்திக்கும் இந்திக்கும் நடுவே தமிழும் காதில் விழும். நம் மன்றத்துத் தோழர்களும் பயிற்சிக்காக அங்கே செல்கின்றனர்.

அங்கேதான் அந்தத் தம்பியைக் கண்டேன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளை. டிப்ளமா முடித்துப் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். எந்தத் தொழிற்சாலை என்பது இங்கே வேண்டாம். எங்கும் இதே முறைதான். இடப்பக்கப் பின்சக்கரத்தின் போல்ட்டுகளை முறுக்குவது அவர் பணி. எட்டு மணி நேரமும் அதுவே. முறுக்கும் கருவி தானே அளவு பார்க்கும். பச்சை விளக்கு எரிந்தால் அடுத்த வண்டி வந்து நிற்கும்.

"அந்தச் சக்கரம் நேராக நிற்காமல் மேற்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கிறதே, எதற்குத் தம்பி?" என்று கேட்டேன்.

"அது வேற செக்ஷன் அண்ணே" என்றார்.

அவர் மீது குறையில்லை. தொழிற்சாலை அப்படித்தான் இயங்கமுடியும். ஒருவர் ஒன்றைச் செய்தால்தான் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் கார் வெளிவரும். ஆனால் மூன்றாண்டு படித்துவிட்டு, ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து, கார் பிறக்கும் இடத்திலேயே நாளெல்லாம் நின்றுகொண்டு, கார் ஏன் வளைகிறது என்று அறியாமல் ஓர் இளைஞன் ஊர் திரும்புவானானால், அது யாருக்கு இழப்பு? இயந்திர மனிதன் போல்ட் முறுக்க வந்துவிட்ட காலம் இது. 'வேற செக்ஷன்' என்னும் சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டு பிழைக்கமுடியும்?

அந்தத் தம்பியை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு அழைத்துச் சென்றோம். தொழிற்பேட்டையில் இன்னும் கட்டடம் எழாத மனை ஒன்றில் நல்ல தார்த்தளம் இருக்கிறது. உரியவரிடம் கேட்டு, பழைய தோட்டக் குழாயை வளைத்துப் போட்டு அங்கே ஓடுதளம் அமைத்திருக்கிறோம். அன்று எங்கள் வண்டி ஒன்று விசித்திரமாக நடந்துகொண்டது. இடப்பக்கம் திரும்பும்போது கயிறு பிடித்தாற்போல் வளைந்தது. வலப்பக்கம் திரும்பினால் பின்புறம் சறுக்கிச் சுழன்றது. உடனே ஆளுக்கோர் அறிவுரை. டயரை மாற்று என்றார் ஒருவர். மோட்டாரின் வேகத்தைக் குறை என்றார் இன்னொருவர். மெருகிட்ட கிரானைட் கல் துண்டு ஒன்றை நாங்கள் எப்போதும் எடுத்துச் செல்வோம். கல் கடையில் வெட்டி எறிந்த மிச்சம். ஆயினும் அதைவிடச் சமமான பரப்பு நம் வசதிக்குக் கிடைக்காது. வண்டியை அதன்மேல் வைத்து, கத்தியின் நுனியை முன்புறத்தின் சரியான நடுவில் கொடுத்து மெல்ல உயர்த்தச் சொன்னேன் தம்பியை. இரண்டு முன்சக்கரங்களும் ஒரே நொடியில் கல்லைவிட்டு எழவேண்டும். எழவில்லை. ஒன்று எழுந்தது, மற்றொன்று கல்லைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

வண்டியின் உடல் எங்கோ முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். எங்கே? அடித்தட்டையும் மேல்தட்டையும் இணைக்கும் திருகுகளைத் தளர்த்தி, கல்மேல் அழுத்தி, மீண்டும் முறுக்கினோம். மாற்றமில்லை. ஷாக் அப்சார்பர்களைக் கழற்றி நீளம் அளந்தோம். நான்கும் சரி. கடைசியில் பின்புற ஆன்டி-ரோல் கம்பியின் ஒரு முனையைக் கழற்றியதும் சக்கரங்கள் இரண்டும் ஒன்றாய் எழுந்தன! கம்பியைத் தாங்கும் இரு இணைப்புகளுள் ஒன்று மற்றதைவிட அரைச் சுற்று நீளமாக இருந்தது; அவ்வளவே. அந்த அரைச் சுற்று, கம்பியை எந்நேரமும் முறுக்கி வைத்து, ஒரு பின்சக்கரத்தின் மீது அதிக எடையையும் மற்றதன் மீது குறைந்த எடையையும் ஏற்றியிருந்தது. அரைச் சுற்றைத் திருப்பினோம். வண்டி இருபக்கமும் ஒன்றுபோல் வளைந்தது. செலவு ஒரு காசும் இல்லை.

தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க லைன்ல அந்தக் கம்பிய மாட்டுற ஆளு ரெண்டு பக்கமும் எதுக்குச் சரிபாக்குறாருன்னு இப்பத்தான் அண்ணே தெரியுது" என்றார்.

'வேற செக்ஷன்' அன்று உடைந்தது. ஒரு முழ நீள வண்டி உடைத்தது. இதைப் பொம்மை என்று சொல்லாதீர் என்று நான் கேட்பது இதனாலேதான்.

ஆனால் எல்லாருக்கும் இது நிகழ்வதில்லை. பொம்மையாக வைத்துக்கொள்பவர்க்கு அது பொம்மையே. நம் தோழர்கள் சிலர் தோற்றவுடன் செய்வது என்ன? மோட்டாரை மாற்றுகின்றனர். கம்பிச் சுற்று குறைந்த மோட்டார் வேகமாகச் சுழலும் என்று அறிந்து, 17.5 சுற்றிலிருந்து 13.5-க்குத் தாவுகின்றனர். முன்பு 40 கிலோமீட்டர் வேகத்தில் சுழன்று விழுந்த வண்டி இப்போது 60-இல் சுழன்று விழுகிறது. இதற்குப் பெயர் முன்னேற்றமா?

பராமரிப்பைப் பற்றிச் சில சொற்கள். இந்தப் பக்கத்துத் தூசி பொல்லாதது. கட்டுமான வேலையும் லாரிகளும் எழுப்பும் நுண்பொடி சக்கரத்து பேரிங்குகளுக்குள் புகுந்துவிடும். சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டுக் காதருகே வைத்துக் கேளுங்கள். சலசலவென்றால் கழற்றிக் கழுவி, மெல்லிய எண்ணெய் ஒரு துளி விடவேண்டும். இரண்டு துளி விட்டால் அதுவே அடுத்த வாரத் தூசிக்கு அழைப்பிதழ். ஷாக் அப்சார்பருக்குள் சிலிக்கான் எண்ணெய் ஊற்றும்போது அவசரம் கூடாது. தண்டை மெல்ல ஏற்றி இறக்கிக் காற்றுக் குமிழிகள் மேலே வரும்வரை காத்திருக்கவேண்டும். ஒரு குமிழி உள்ளே தங்கினாலும் அந்தப் பக்கம் தாளம் தவறும். நம் வீட்டில் பாகு காய்ச்சும் பெண்களுக்குப் பதம் என்றால் என்னவென்று தெரியும். எண்ணெய்க்கும் பதம் உண்டு. மார்கழிக் காலையில் சரியாக ஓடிய எண்ணெய், மே மாத நண்பகலில் நீர்த்துப்போகும். தளமும் தொடமுடியாதபடி சுடும். டயர் பிடிக்கும் விதமே மாறும். காலை அமைப்பு மாலைக்கு ஆகாது என்று அறிந்தவன் பாதி மெக்கானிக்.

டயரே ஆசிரியர் என்பேன். ஐந்து நிமிட ஓட்டத்துக்குப் பின் அதைத் திருப்பிப் பாருங்கள். உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரம் அளவுக்கு மீறி உள்ளே சாய்ந்திருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்தால் சாய்வு போதவில்லை. இரண்டு பாகை அளவில் தொடங்கி அரைப் பாகையாய் நகர்ந்தால், அகலம் முழுதும் ஒன்றுபோல் தேயும் இடம் அகப்படும். முன்சக்கரம் பிடிக்காமல் வண்டி வளைய மறுக்கிறதா? முன் ஸ்பிரிங்கை ஒரு படி மென்மையாக்கிப் பாருங்கள். பின்புறம் சறுக்குகிறதா? பின் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள். ஆனால் இரண்டையும் ஒன்றாக மாற்றாதீர்! நோயாளிக்கு நான்கு மருந்தை ஒருசேரக் கொடுத்துவிட்டு, எது குணப்படுத்தியது என்று தேடும் வைத்தியரைப் போன்றது அது.

கியர்க் கணக்கும் கடினமன்று. பெரிய பற்சக்கரத்தில் 96 பல், மோட்டாரில் மாட்டிய சிறியதில் 40 பல், வண்டிக்குள் நிலையாக உள்ள விகிதம் 1.9 என்று கொள்வோம். 96-ஐ 40-ஆல் வகுத்தால் 2.4, அதை 1.9-ஆல் பெருக்கினால் 4.56. மோட்டார் 4.56 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். சிறிய பற்சக்கரத்தை 44 பல்லாக்கினால் விகிதம் 4.15-க்கு இறங்கும், நேர்ப்பாதையில் வேகம் கூடும், மோட்டாரும் கூடவே சுடும். அந்தச் சூட்டை அளந்து எழுதிவைக்காதவர், மோட்டாரின் காந்தம் வலுக்குன்றிய பிறகு விற்றவரைத் திட்டுவார்.

எழுதிவைப்பது என்றேன். என் வழக்கின் உயிர்நிலை அதுவே. நாள், நேரம், வெயில், மாற்றிய ஒரே ஒரு பொருள், சுற்று நேரம், டயரின் தேய்வு: இவற்றைக் குறித்து வைத்த நோட்டுப்புத்தகம் இல்லாத வண்டிக்காரர் பத்தாண்டு ஓட்டினாலும் பத்தாண்டு அனுபவம் பெறார். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு இளமையில் ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, அதை விலைக்கு வாங்கி, பிரித்துப் பிரித்துக் கோத்துத் தொழில் கற்றார் என்பது நாமெல்லாம் கேட்ட கதை. கேட்டுக் கைதட்டுகிறோம். கைதட்டிய கை ஒரு திருகாணியையேனும் கழற்றியதுண்டா? அவர் படித்தது பள்ளியில் அன்று. கழற்றிய பொருளைத் திரும்பப் பூட்டவேண்டிய கட்டாயத்தில்.

கணினித் திரையிலேயே கார் ஓட்டிப் பழகலாமே என்பார் உண்டு. பழகலாம். ஆனால் திரைக்குள் இருக்கும் வண்டிக்கு அரைச் சுற்று நீளமான இணைப்பு கிடையாது; சாகண் தூசியும் கிடையாது.

பணக்காரர் விளையாட்டு என்ற குற்றச்சாட்டுத்தான் கனமானது. அதை நான் தள்ளிவிடமாட்டேன். விலைக்கு வேகம் கிடைக்குமானால் ஏழை மாணவன் எத்தனை அறிந்தும் பயனில்லை. இதற்கு மருந்து, எல்லாருக்கும் ஒரே வண்டி என்னும் விதி. பெரிய பந்தய உலகம் இதை முன்னரே கண்டுகொண்டது. சாகணில் 2009-இல் போக்ஸ்வாகன் ஆலை திறக்கப்பட்டது. அங்கு உருவான போலோ காரின் பெயரிலேயே 2010-இல் இந்தியாவில் ஒரு பந்தயத் தொடர் தொடங்கி, இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் ஓடியது. எல்லாரும் ஒரே வகைக் காரில் ஓடவேண்டும் என்பதே அதன் சட்டம். அதற்கும் முன்பே கோவை எஸ். கரிவரதன், மாருதி எஞ்சினைப் பொருத்திய எளிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி, பெரும் பணம் இல்லாதவரும் களத்தில் இறங்க வழி செய்தார். 1995-இல் அவர் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் பார்முலா மாருதி வண்டியையே.

ஆகவே நம் மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மன்றமே ஐந்து எளிய வண்டிகள் வாங்கட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே 21.5 சுற்று மோட்டார். ஒரே வகை டயர், பருவத்துக்கு இரண்டு செட் மட்டும். மோட்டார்கள் மன்றத்தின் பெட்டியில் இருக்கும். பந்தய நாளில் சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்ளவேண்டும். வெற்றிக்குப் பாதி மதிப்பெண், நோட்டுப்புத்தகத்துக்குப் பாதி. நோட்டுப்புத்தகம் தமிழில் இருக்கவேண்டும். கேம்பர், பேரிங் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் 'ஏன் மாற்றினேன்' என்னும் காரணம் தாய்மொழியில் தெளிவாக வரட்டும். மாணவர்களே பந்தயக் கார் கட்டிக்கொண்டு வரும் பார்முலா பாரத் போட்டி கோவையில் அதே தளத்தில் நடக்கிறது. அங்கும் நடுவர்கள் 'ஏன் இப்படிச் செய்தீர்' என்று துருவிக் கேட்பர். பதில் இல்லாத வண்டிக்கு அழகும் வேகமும் முழு மதிப்பெண் வாங்கித் தாரா.

பாட்டரிக்கு மட்டும் கடுமையான விதி வேண்டும். இதில் விடுதிக் காப்பாளர் பக்கமே நான் நிற்கிறேன். லித்தியம் பாலிமர் பாட்டரியைக் கட்டிலுக்கு அடியில் சார்ஜில் போட்டுவிட்டு உறங்கும் தோழரை மன்றத்திலிருந்தே நீக்கலாம். ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட் என்பது எல்லை; இரண்டு செல்லும் சமமாக ஏறுகின்றனவா என்று பார்க்கும் சார்ஜரையே பயன்படுத்தவேண்டும். ஓட்டம் இல்லாத வாரங்களில் 3.8 வோல்ட் அளவில் நிறுத்தித் தீப்பிடிக்காத பையில் வைக்கவேண்டும். உப்பிய பாட்டரியை மறுபடி தொடவே கூடாது.

பணத்துக்கு எங்கே போவது என்று பொருளாளர் கேட்பார். சென்ற ஆண்டு விழாவின் மேடை அலங்காரக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். அதில் பாதி போதும். மேடையில் பூ குறைந்தால் யாரும் வருந்தப் போவதில்லை, பூக்காரரைத் தவிர. சாகணில் வேலை பார்க்கும் நம் ஊர்த் தம்பிமாரையும் மாணவர் அல்லர் என்று ஒதுக்காமல் ஞாயிறு வகுப்பில் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பதும் தீர்மானத்தில் உண்டு. விதிமுறையில் இடமில்லை என்று சிலர் கூறுவதாக அறிகிறேன்.

அடுத்த செயற்குழுவில் இதைக் கொண்டுவருவேன். எதிர்ப்பவர்கள் தங்கள் காரணங்களை எழுதிக்கொண்டு வரட்டும்; நோட்டுப்புத்தகம் நானே தருகிறேன்.